சால்மன் மீன் சாப்பிட டாக்டர் சொன்னால் குமரிக்காரர்கள் என்ன வாங்கலாம்

இதயத்துக்கு நல்லது, ஒமேகா-3 இருக்கு, சால்மன் சாப்பிடுங்க என்று டாக்டரோ வெளிநாட்டில் இருக்கும் மகனோ சொன்ன உடனே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அந்த மீன் எங்கே, எப்படி வளர்ந்து நம் கைக்கு வருகிறது என்று ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் குளச்சல் கரைக்கோ வடசேரி சந்தைக்கோ போகலாம்.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'அட்லாண்டிக் சால்மன்' என்று போட்டு, நார்வே, சிலி, ஸ்காட்லாந்து என்று நாடும் இருந்தால் அது பண்ணை மீன் என்றே வைத்துக்கொள்ளலாம். அலாஸ்கா என்று இருந்தால் கடலில் பிடித்தது, ஏனென்றால் அங்கே மீன் பண்ணைக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. 'இந்தியன் சால்மன்' என்று விற்பது நம்ம காலா மீன், அதைத் தாராளமாக வாங்குங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கடலில் திரியும் சால்மன் இறால் வகைகளைத் தின்று சிவக்கிறது, பண்ணை மீனுக்கு அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் சதை வெளிறித்தான் இருக்கும்.

சரி, பண்ணை என்றால் என்ன கெடுதல்? கரையோரக் கடலில் வலைக்கூண்டு கட்டி, ஒரு கூண்டுக்குள் பல ஆயிரம், சில இடங்களில் லட்சத்துக்கும் மேல் மீனை அடைத்து வளர்க்கிறார்கள், அவற்றின் கழிவும் தின்னாமல் விட்ட தீவனமும் நேராக அடித்தரையில் போய்ப் படிகிறது, நீரோட்டம் குறைவான இடமாக இருந்தால் அங்கே வேறு உயிர் தங்குவதே கஷ்டம். நெருக்கத்தில் கடல் பேன் பெருகி மீனின் தோலைத் தின்கிறது, அதற்கு மருந்து, வெதுவெதுப்பான நீரில் குளியல் என்று ஒன்று மாற்றி ஒன்று செய்கிறார்கள், அந்தப் பேன் பக்கத்தில் நீந்திப் போகும் இயற்கை சால்மன் குஞ்சுகளையும் பிடித்துக்கொள்கிறது. 2023ல் நார்வேயின் கடல் கூண்டுகளில் மட்டும் 6 கோடிக்கு மேல் சால்மன் செத்தன. சிலியில் 2007ல் ஒரு வைரஸ் வந்து அந்தத் தொழிலே ஆடிப்போனது. 2017ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூண்டு உடைந்து 2 லட்சத்துக்கு மேல் மீன் வெளியே போனது, மறு வருடமே அங்கே அந்தக் கடலுக்குச் சொந்தமில்லாத மீனைக் கூண்டில் வளர்க்கத் தடைச் சட்டம் வந்தது. அர்ஜென்டினாவின் தெற்கு முனையில் உள்ள டியரா டெல் ஃபியூகோ மாகாணம் 2021ல் தடை போட்டது.

எனக்கு இதில் தாங்காத விஷயம் தீவனம்தான். இப்போது பாதிக்கு மேல் சோயா மாதிரி தாவரப் பொருள் என்றாலும், மீன் மாவும் மீன் எண்ணெயும் இல்லாமல் நடக்காது. அதற்காக மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல், மொரிட்டானியா, காம்பியா கரைகளில், நம்ம சாளைக்கு நெருங்கிய உறவான மீன்களை அள்ளி ஆலையில் அரைக்கிறார்கள். அந்த ஊர் ஏழைகள் வாங்கித் தின்ற மீன் அது, கருவாடு போட்டுப் பிழைத்த பெண்களுக்கு அது இப்போது கிடைப்பது குறைந்துவிட்டது. நம் பக்கமும் கர்நாடகக் கரையில் சாளையை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. மனுசன் தின்ன வேண்டியதை அரைத்துப் போட்டு, வசதியானவர்களுக்கு இன்னொரு மீனை வளர்ப்பது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

உடம்புக் கணக்குக்கு வருவோம். சால்மனில் பாதரசம் குறைவு, அது உண்மை. ஆனால் தீவனத்தில் மீன் எண்ணெய் குறையக் குறைய, ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் ஒமேகா-3 அளவு 2006க்கும் 2015க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சிலிப் பண்ணைகள் வருடத்துக்கு 300 டன்னுக்கு மேல் ஆன்டிபயாட்டிக் கொட்டுகின்றன, அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் என்பதுதான் பயம். நார்வே தடுப்பூசி போட்டு அதைப் பெருமளவு குறைத்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போ என்ன வாங்குவது? சாளை, அயிலை, நெத்தோலி. மழைக்காலம் கழிந்து வரும் சாளையில் நெய் ஊறி இருக்கும், ஒமேகா-3க்காக அதை வாங்குங்கள். சின்ன மீன், சீக்கிரம் வளர்வது, அதனால் பாதரசமும் குறைவு. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் இவற்றை அடிக்கடி தின்னாமல் இதில் நின்றுகொள்வது நல்லது.

ஆனால் சாளை சீக்கிரம் கெடும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் கிடந்த சாளை, அயிலை, சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும், அது எவ்வளவு வேக வைத்தாலும் போகாது, தின்றவுடன் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். அதனால் ஐஸ் இல்லாமல் மதியம் வரை கிடந்த மீனை மலிவு என்று வாங்காதீர்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளைக் குஞ்சைக் கேரளாவில் பிடிக்கவே கூடாது, இங்கேயும் வாங்காமல் விடுங்கள். முட்டை போடுகிறதுக்கு முன்னாடியே அள்ளினால் அடுத்த வருடம் வள்ளத்துக்கு என்ன கிடைக்கும்?

சமைப்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆழ எண்ணெயில் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்பு கொஞ்சம் எண்ணெயோடு போய்விடும் என்பதால், தேங்காய் அரைத்து மாங்காய் போட்டு வைக்கும் நெத்தோலி அவியலோ சாளைப் புளிமுளமோ மேல், கூட மரச்சீனி அவித்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்திலும் கவலை வேண்டாம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடை, நாட்டுப்படகு மீன் வரும்.

கடைசியாக ஒன்று. கடல் விரால் போன்ற மீன்களைக் கூண்டில் வளர்க்கும் திட்டங்கள் நம் நாட்டிலும் பரவுகின்றன. உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது அப்படி வந்தால் சும்மா எதிர்க்கவும் வேண்டாம், சும்மா தலையாட்டவும் வேண்டாம். என்ன தீவனம், அதில் எவ்வளவு சாளை, என்ன மருந்து, கூண்டுக்கு அடியில் எவ்வளவு ஆழம், வள்ளம் போகும் வழியில் இருந்து எவ்வளவு தூரம், கூண்டு உடைந்தால் யார் பொறுப்பு என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள்.