அம்மாவின் தையல் பெட்டி காலியானது

அம்மா தைப்பதை நிறுத்திய பிறகு, இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய ஜாக்கெட் பிட், லைனிங், லேஸ், நூல்கண்டு என்று கிடந்தது. கெட்டுப்போனதை இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. அதனால் ஒவ்வொரு கண்டிலும் ஒரு முழம் நூல் உருவி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். பழைய பருத்தி நூல் பட்டென்று அறுந்தது, பாலியெஸ்டர் தாங்கியது. துருப்பிடித்த ஊசிகளை மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டித்தான் குப்பைக்கு அனுப்பினேன். குப்பை எடுக்க வருகிற அக்காவின் கை முக்கியம்.

அப்புறம் 80 செ.மீ.க்குக் குறையாத பிட்டுகளை அளந்து, ஓரத்தில் சாக்பீஸால் நீளம் எழுதினேன். தெருமுனைத் தையல்காரம்மா, தன்னிடம் தையல் பழகும் பெண்களுக்கு ஆகும் என்று துண்டுத்துணியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

கத்தரிக்கோலை மட்டும் கொடுக்கவில்லை. பிடியில் அம்மா சுற்றிய நீலத் துணி இன்னும் அவிழாமல் இருக்கிறது.