பழைய 78 தட்டிலிருந்து வயலினைக் கணினிக்கு ஏற்றுவது எப்படி

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் நான்கு இசைத்தட்டுகள் கிடைத்தன. ஏற்காட்டில் ஏதோ பங்களாவைக் காலி செய்தபோது வந்தவையாம். உறையைப் பிரித்ததுமே பூஞ்சை வாசனை. ஒன்றில் வயலின் மேதை ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர் என்ற பெயரைப் பார்த்ததும் பேரம் பேசவே மறந்துவிட்டேன். கிரைஸ்லரின் சொந்தத் துண்டான ‘லீபஸ்ஃப்ராய்ட்’ தட்டு அது. பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அந்தக் கால வயலின் மேதைகள் குட்டித் துண்டுகளாகவே வாசித்துத் தள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1. கழுவுதல். இவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். கடைக்காரர் ஒருவர் சொன்னாரே என்று ஒரு தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, தட்டு போச்சு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மெல்லிய பிரஷ்ஷால், ஊசி ஓடும் வரியோடு வட்டமாகத் தேயுங்கள். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. காய வைக்க மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். சேலத்து வெயிலில் அப்பளம்போல வளைந்துவிடும்.

2. ஊசி. பிற்கால எல்.பி. தட்டுகளுக்கான மெல்லிய ஊசி வேண்டாம். 78-இன் வரி அகலமானது. மெல்லிய ஊசி அதன் அடியில் போய் அழுக்கைத்தான் உழும். 78-க்கென்று தனி ஊசி விற்கிறார்கள், 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) தடிமன்.

3. பதிவு. என் டர்ன்டேபிளில் 78 வேகமே கிடையாது. பரவாயில்லை, 45-இல் ஓட்டி, கணினியில் ஒலி பதியும் மென்பொருளான ஆடாசிட்டியில் பதியுங்கள். பிறகு வேகம் மாற்றும் இடத்தில் 45-இலிருந்து 78 என்று கொடுத்தால் சரியாகிவிடும். ஸ்டீரியோவாகப் பதிவானதை மோனோ ஆக்குங்கள், பாதி இரைச்சல் அங்கேயே அடங்கும்.

4. வேகம் பார்த்தல். பலர் தாண்டிப்போகும் இடம் இதுதான். அக்காலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78-இல் பதிந்தவை அல்ல. 1900-களின் தொடக்கத் தட்டுகளில் வேகம் இஷ்டத்துக்கு இருக்கும். வேகம் ஆறு சதவீதம் ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறும். மேதையின் விரல் வேகத்தையும் தப்பாகக் கணக்கிடுவோம். நம்மிடம் சுருதிப்பெட்டி இருக்கிறதே! லீபஸ்ஃப்ராய்டின் மேற்கத்திய சுருதி சி மேஜர், அதாவது நம் கணக்கில் ஒரு கட்டை. செல்போன் சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் ஓடவிட்டு, வயலின் ஆரம்பிக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். என் தட்டு கொஞ்சம் மேலே போய் உரசியது. வேகத்தை இரண்டு சதவீதம் குறைத்ததும் தம்புராவோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. அதுவரை அவசரக்காரராகத் தெரிந்த கிரைஸ்லர், அதற்குப் பிறகு கேட்டபோது நிதானமாக வில்லை இழுக்கும் பெரியவர் ஆகிவிட்டார். (பழைய மேதைகளின் பெயரைப் போட்டு வாசித்துவந்த பல துண்டுகள் தன்னுடையவையே என்று 1935-இல் ஒப்புக்கொண்ட குறும்புக்காரரும் இவர்தான்.)

5. பதிவைச் சுத்தம் செய்தல். அளவோடு செய்யுங்கள். ‘டிக் டிக்’ சத்தத்தை நீக்கும் வசதி, வில் துள்ளுகிற இடத்தையும் இடக்கை விரல் தந்தியைச் சுண்டுகிற இடத்தையும் கீறல் என்றே நினைத்து விழுங்கிவிடும். நான் பெரிய வெடிப்புகளை மட்டும் கையால் எடுக்கிறேன். மெல்லிய இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

தட்டு கிடைக்காதவர்கள் இணையத்தில் இருக்கும் பதிவுகளை எடுத்து நான்காவது படியை மட்டும் செய்து பாருங்கள். வயலின் மேதை ஹைஃபெட்ஸ் 1917-இல் அமெரிக்காவில் பதிந்தவற்றிலிருந்து தொடங்கலாம். அப்போது அவருக்கு வயது 16. அப்புறம் இன்னொரு வயலின் மேதை சரசாதே, 1904-இல் தன் ‘ட்சிகாய்னர்வைசன்’ துண்டைப் பதிந்தது. சி மைனர்; அதுவும் ஒரு கட்டைதான். மைக் இல்லாத காலம், ஒலியைப் பிடிக்கும் கூம்புக் குழல் முன்னால் நின்று வாசித்தது. கடைசி வேகப் பகுதிக்கு முன்னால் ஒரு மனிதக் குரல் ஏதோ சொல்லிவிட்டுப் போகும், சரசாதேயுடையது என்கிறார்கள். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “உள்ளே யாருடா பேசறது?” என்றார்.