கபடி அணியில் தலைமைப் பண்பு வளர

பள்ளிக் கபடி அணியில் மிகச் சிறப்பாகப் பாடிச் செல்பவரையே எப்போதும் அணித்தலைவராக்கும் வழக்கத்தைப் பயிற்சி ஆட்டங்களிலாவது கைவிட்டு, வாரம் ஒரு மாணவரிடம் அப்பொறுப்பை ஒப்படையுங்கள். ஒரு ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் ஒருமுறை பாடிச் சென்று திரும்புவதற்கு, 30 விநாடிகளே உண்டு என்பதால், எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நிற்கிறார்களா, அவர்கள் பக்கத்தில் உள்ளே வரைந்திருக்கும் போனஸ் கோட்டைக் கடந்தால் கூடுதல் புள்ளி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் சொல்வது அவருடைய வேலையாக இருக்கட்டும். தடுப்பாட்டத்தில் யார் முதலில் பிடிப்பது, யார் துணைக்குப் பாய்வது என்பதையும் அவரே உரக்கச் சொல்லப் பழகட்டும். இடைவேளை கேட்டு ஆட்டத்தை நிறுத்தும்போது பயிற்சியாளர் ஒதுங்கி நின்று அந்த மாணவரையே பேச விடுவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் பயனுள்ள பயிற்சியாகும். ஆட்டமிழந்து வெளியே அமர்ந்திருக்கும் தோழனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனித்து, ஆட்டம் முடிந்தபின் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.