எம்.பி.ஏ. நேர்காணல்: 'கோயமுத்தூர் பக்கம்' என்று சொல்லாதீர்கள்

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறில் வரும். மதிப்பெண் வந்து, இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.களிலிருந்து நேர்காணல் அழைப்பு வரத் தொடங்கியதும், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மாதிரி நேர்காணலுக்கு என்னிடம் வருவார்கள். எல்லோரும் நன்றாகப் படிக்கிறவர்கள். ஆனாலும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: தங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தை ஒளித்து வைத்துவிடுகிறார்கள்.

போன ஆண்டு வந்த ஒரு பெண்ணிடம், "சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். "கோயமுத்தூர் பக்கம்ங்கண்ணா" என்றாள். வீடு வேலந்தாவளத்தில். அப்பா என்ன செய்கிறார் என்றால் "பிசினஸ்". என்ன பிசினஸ் என்று கேட்டதும் குரல் இறங்கிப் போனது. "இளநீர் லோடு ஏத்தறாருங்க."

அதற்கு மேல் நான் விடவில்லை. தோட்டத்தில் ஒரு காய்க்கு விலை எப்படி முடிவாகிறது, மழை இறங்கினால் எப்படி விழுகிறது, லாரி ஒரு நாள் தாமதமானால் வாங்குகிறவர் எதைச் சொல்லிக் கழிப்பார், வடக்கே போன சரக்குக்குப் பணம் வரும்வரை வெட்டுக்கூலியை எங்கிருந்து கொடுப்பது. அப்பாவின் கணக்கு நோட்டை எழுதிக் கொடுத்து வளர்ந்த பெண், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. எம்.பி.ஏ. வகுப்பில் நடைமுறை மூலதனம் (வியாபாரத்தை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) என்று கற்றுத் தரப்போவது இதைத்தான். அவள் மனப்பாடம் செய்து வந்த அறிமுகத்திலோ இதில் ஒரு வரிகூட இல்லை. 'தலைமைப் பண்பு', 'குழுவாக உழைத்தல்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய சொற்களே இருந்தன.

எதிரே இருக்கும் பேராசிரியர்கள் கையில் உங்கள் விண்ணப்பம் இருக்கும். இருபது நிமிடம் பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் முதல் பிடி பெரும்பாலும் உங்கள் ஊர்தான். நம் எல்லைப் பகுதியில் கேட்கப் பஞ்சமே இல்லை. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரி வரிசை என்னவானது? சரக்கு ஏற்றும் செலவில் அது என்ன மாற்றியது? பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை 2004-இல் ஏன் நின்றது? பெருமாட்டிப் பஞ்சாயத்து அந்த ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது சரியா? நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்? தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் சித்தூருக்கு வர வேண்டிய தண்ணீர் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்விக்கு, 1970 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று சொல்லத் தெரிந்த சித்தூர்ப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. கால்வாய்க் கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

பிளாச்சிமடை பற்றிக் கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்து கோஷம் போட வேண்டாம். ஆலை தந்த வேலை, கிணற்றில் இறங்கிய நீர்மட்டம், பஞ்சாயத்தின் அதிகாரம், நீதிமன்றம் சொன்னது எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். முடிவே சொல்லாமல் நழுவுவதும் தவறுதான்.

வீட்டில் நெல் வயல் இருந்தால் கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவின் நெல் கொள்முதலைப் பற்றித் தெரிந்து வையுங்கள். நெல்லைக் கொடுத்துவிட்டு ரசீதைக் காட்டி விவசாயி வங்கியில் பணம் வாங்குவதும், அது அவர் பெயரில் கடனாக ஏறுவதும், பிறகு சப்ளைகோ அதை அடைப்பதும் எப்படி நடக்கிறது என்று அப்பாவிடமே கேளுங்கள். எந்தக் கோச்சிங் சென்டரிலும் இது கிடைக்காது.

அடுத்தது, பட்டப்படிப்பை மறந்துவிட்டுப் போவது. பி.காம். முடித்தவருக்குத் தேய்மானம் போடும் இரண்டு முறைகளுக்குள்ள வேறுபாடு தெரியவில்லை என்றால் கேட் மதிப்பெண் காப்பாற்றாது. பிடித்த பாடம் எது என்று கட்டாயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தையாவது அடிவரை படித்துவிட்டுப் போங்கள். பொழுதுபோக்கு 'வாசிப்பு' என்று எழுதினால், கடைசியாக வாசித்த நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொன்னால் அவர்கள் வேறு கேள்விக்குப் போவார்கள். சமாளிக்கப் பார்த்தால் அதே இடத்தில் தோண்டுவார்கள்.

ஆங்கில உச்சரிப்பில் தமிழும் மலையாளமும் கலந்து வருகிறதே என்று பலர் வேகத்தைக் கூட்டி மறைக்கப் பார்க்கிறார்கள். வேகம் கூடினால் புரியாமல்தான் போகும். நிதானமாக, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

அப்புறம் சான்றிதழ்கள். நம் பகுதியில் இதில் இடறுகிறவர்கள் அதிகம். மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநில வாரியானது. எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவினர் பிள்ளைக்குச் சலுகை உண்டு என்பதால் உங்களுக்கும் உண்டு என்று நினைக்காதீர்கள். கேரளப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பாருங்கள். பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் நீங்கள் இல்லை என்று காட்டுவது நான்-கிரீமிலேயர் சான்றிதழ். மாநிலத் தேவைக்கு வில்லேஜ் ஆபீசர் தரும் அந்தச் சான்றிதழ் ஐ.ஐ.எம்.முக்குப் போதாது; மத்திய அரசு படிவத்தில் தாசில்தார் தருவது வேண்டும். அழைப்புக் கடிதத்தில் கேட்டிருக்கும் தேதிக்குப் பொருந்தவும் வேண்டும். பெயருக்கு முன்னால் ஒரு சான்றிதழிலும் பின்னால் இன்னொன்றிலும் இனிஷியல் இருந்தால், இரண்டும் ஒருவர்தான் என்று காட்டும் சான்றை இப்போதே கேட்டு வையுங்கள். அழைப்பு வந்த பிறகு அதற்கு அலைய நேரம் இருக்காது.