பழைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் இரைச்சலை அடக்குவது எப்படி?

2016-இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் நிறைய டெஸ்க்டாப்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. 120 வாட் கார்டுதான். நல்ல நிலையில் இருந்தால் கேம் ஓடும்போதும் மெல்லிய காற்றுச் சத்தத்துக்கு மேல் வராது. ஹேர் டிரையர் மாதிரி இரைகிறது என்றால் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம், சரி செய்துவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் ஃபேன் வேகத்தைக் குறைக்காதீர்கள். சூடு அப்படியே இருக்க ஃபேனை மட்டும் அடக்கினால், 83 டிகிரியை ஒட்டி கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும். முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும். ஃபேன் தானாக அடங்கும்.

எந்தச் சத்தம்?

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டுக் காதால் கேளுங்கள். "டிக் டிக்" என்று சீராக வந்தால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. அதை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. "கரகர" என்று வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெறும் காற்று இரைச்சல் என்றால் கார்டு சூடாகிறது என்று அர்த்தம். கேமில் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு வரையப்படும் படங்கள்) ஏற ஏற "கீ..." என்று மெல்லிய ஒலி வந்தால் அது ஃபேன் இல்லை, கார்டில் உள்ள கம்பிச்சுருள்களின் (காயில்) ஒலி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூடியைத் திறந்ததும் கார்டின் சூடு 5 டிகிரிக்கு மேல் இறங்குகிறதா என்றும் ஜிபியு-இசட் என்ற, கார்டின் சூட்டைக் காட்டும் மென்பொருளில் பாருங்கள். இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க ஒரு 120 மிமீ ஃபேனும், பின்பக்கம் வெளியே தள்ள ஒன்றும் இல்லாமல் கார்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கழற்றாமல் செய்வது: வோல்டேஜைக் குறைத்தல்

கார்டின் வேகம், வோல்டேஜ், ஃபேன் ஆகியவற்றை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் போதும். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் அது வேலை செய்யும். கார்டு நிறுவனங்கள் தரும் பளபளப்பான மென்பொருள்களைவிட இதுவே மேல்.

முதலில் கோர் கிளாக்கை (சிப்பின் வேகம்) மைனஸ் 200 ஆக்கி அப்ளை செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் + எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட்டுக்கு நேரே உள்ள புள்ளியைப் பிடித்து 1850 மெகாஹெர்ட்ஸ் உயரத்துக்கு இழுத்து, மறுபடி அப்ளை செய்யுங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள கோடு முழுவதும் தட்டையாகிவிட வேண்டும். முதலில் 200 குறைத்தது இதற்காகத்தான். அதைச் செய்யாமல் ஒரு புள்ளியை மட்டும் தூக்கினால், வலப்பக்கப் புள்ளிகள் அதைவிட உயரத்திலேயே நிற்கும். கார்டும் பழைய வோல்டேஜுக்கே ஏறிப் போகும். எதுவுமே மாறவில்லையே என்று குழம்புவீர்கள்.

இந்தக் கார்டு சாதாரணமாக 1.05 வோல்ட்டை ஒட்டிப் போகும். 0.9-க்கு இறக்கினால் வேகத்தில் பெரிய இழப்பு தெரியாது, சூட்டில் நன்றாகவே தெரியும். யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். திரை ஒரு நொடி கறுத்து டிரைவர் மீண்டு வந்தாலோ, கேம் தானாக மூடிக்கொண்டாலோ 1850-ஐ 1825, 1800 என்று இறக்குங்கள். இரண்டு நாள் வழக்கம்போல் பயன்படுத்தி எதுவும் ஆகவில்லை என்ற பிறகே, விண்டோஸ் தொடங்கும்போது இது தானாக அமலாகும் பொத்தானை அழுத்துங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை அந்நிறுவனத்தின் அட்ரினலின் மென்பொருளிலேயே இருக்கிறது. உச்ச நிலை வோல்டேஜை 1150-இலிருந்து 25, 25 மில்லிவோல்ட்டாக இறக்கிக்கொண்டே வாருங்கள். பல கார்டுகள் 1050-ஐ ஒட்டி நிற்கும்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேமை 60 என்று வையுங்கள். மானிட்டர் காட்டவே முடியாத ஃபிரேம்களுக்காகக் கார்டு கொதிப்பது வீண்.

ஃபேன் வளைகோடு

இப்போது ஃபேனுக்கு வரலாம். கார்டின் சூடு 50 டிகிரி என்றால் ஃபேன் வேகம் 30 சதவீதம், 65-க்கு 42, 75-க்கு 55, 85-க்கு 100 என்று தொடங்குங்கள். வெளிநாட்டுத் தளங்களில் கிடைக்கும் வளைகோடுகளை அப்படியே எடுக்காதீர்கள். அவை பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையை மனதில் வைத்துப் போட்டவை. சித்திரை வெயிலில் 35 டிகிரி இருக்கும் அறையில் கார்டு 12, 13 டிகிரி கூடுதலாகவே நிற்கும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே சுமார் 5 டெசிபல் குறையும். காதுக்கு அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

பின்சேர்க்கை: ஃபேன் நிமிடத்துக்கொரு முறை சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தால் ஆஃப்டர்பர்னரின் ஃபேன் பக்கத்தில் ஹிஸ்டெரிசிஸ் என்ற பெட்டியில் 4 அல்லது 5 போடுங்கள். சூடு அத்தனை டிகிரி இறங்கும் வரை ஃபேன் வேகம் குறையாது. ஒரே சீராக வரும் ஒலி காதுக்குப் பழகிவிடும், ஏறி இறங்கும் ஒலிதான் எரிச்சல்.

கழற்றுதல், பேஸ்ட், பேட்

வோல்டேஜைக் குறைத்தும் 80 டிகிரியைத் தாண்டினால், சிப்பிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். பத்து நிமிடம் கேம் ஓட்டிக் கார்டைச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த பேஸ்ட் கூலரைச் சிப்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஸ்லாட்டின் கோடியில் உள்ள சிறு கொக்கியை அழுத்திக்கொண்டே கார்டை எடுங்கள். அதை மறந்து இழுத்தால் கொக்கி உடையும். பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூக்கள் இருக்கும். குறுக்கு மறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். கூலரை நெம்பாமல் இடவலமாக லேசாகத் திருகினால் கழன்று வரும். வந்ததும் தூக்கிவிடாதீர்கள். ஃபேன் ஒயர் போர்டில் செருகியிருக்கும், ஓர் விரல் நீளம்கூட இருக்காது. முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

ஹீட் சிங்க் தூசியைப் பிரஷ்ஷாலும் பிளோயராலும் எடுங்கள். காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா சுழலவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் கெடும். சிப்பை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

பலரும் வழுக்கி விழும் இடம் தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை. மெமரி சிப்புகளின் மேலுள்ள பழைய பேட் கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றினால் அதே தடிமன் வேண்டும். பேட்டின் நடுப்பகுதி அமுங்கியிருக்கும், ஆகவே அமுங்காத ஓரத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 1 மிமீ இருந்த இடத்தில் "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று 1.5 மிமீ வைத்தால், கூலர் மெமரியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் உள்ள சிப்பைச் சரியாகத் தொடாது. கணினியைப் போட்டு லோடு கொடுத்த சில நொடிகளில் 90 டிகிரிக்கு எகிறும். அப்படியானால் உடனே அணையுங்கள். இதைத் தவிர்க்க ஒரு சோதனை: பேஸ்ட் தடவி, கூலரைப் பூட்டி, மறுபடி கழற்றிப் பாருங்கள். சிப் முழுவதும் மெல்லிய, சீரான தடம் பதிந்திருக்க வேண்டும். ஒரு மூலை தடிப்பாக இருந்தால் பேட் தடிமன் தவறு, அல்லது ஸ்க்ரூ சமமாக முறுக்கப்படவில்லை. தடம் சரியென்றால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி மூடுங்கள்.

பிராசசரில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும். இங்கே மூடியில்லாத வெறும் சிப், மூலைவரை தடவியே ஆகவேண்டும். நீர்த்த பேஸ்ட் வேண்டாம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில மாதங்களில் ஓரத்துக்கு வழிந்துவிடும். என் தேர்வு, பேஸ்ட்டுக்குப் பதிலாக ஒட்டும் ஹனிவெல் பிடிஎம்7950 தாள். சுமார் 45 டிகிரியில் இளகிச் சிப்போடு படியும், வழிந்து போகாது. ஒட்டுவதற்கு முன் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேலுள்ள பிளாஸ்டிக் தாள் சுலபமாக உரியும். போலிகள் நிறைய உலவுவதால் நம்பகமான கடையில் வாங்குங்கள்.

கரகர ஃபேன்

நடு ஸ்டிக்கரை உரித்து, உள்ளே ரப்பர் மூடி இருந்தால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பேரிங்கை இறுக்கிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது, அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும். எண்ணெய் விட்டு நின்ற சத்தம் திரும்பவும் வரும். சில மாத அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. புது ஃபேன் வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரை மட்டும் பார்த்தால் போதாது. ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, இறக்கையின் விட்டம், பிளக்கின் பின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஃபேன் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் உறையையே கழற்றிவிட்டு, ஹீட் சிங்கின் மேல் இரண்டு 92 மிமீ கேபினெட் ஃபேன்களைக் கேபிள் டையால் கட்டலாம். பார்க்க அழகாக இராது, ஆனால் கம்பெனி ஃபேனைவிட அமைதி. ஃபேன் தடிமன் 25 மிமீ, ஆகவே கீழே உள்ள ஸ்லாட்டுகள் காலியாக இருக்க வேண்டும். கார்டின் பிளக் சாதாரண ஃபேன் பிளக்கைவிடச் சிறியது, 2 மிமீ இடைவெளி. அதற்கென்று மாற்று ஒயர் விற்கிறார்கள். ஒயர் கிடைக்காதவர்கள் மதர்போர்டில் செருகி, ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் சூட்டைப் பார்த்து ஓடும்படி அமைக்கலாம்.

காயில் ஒலி

இதற்கு எண்ணெயும் பேஸ்ட்டும் உதவாது. மின்னோட்டம் மாறும்போது காயில்கள் அதிர்வதால் வரும் ஒலி. கார்டுக்குக் கெடுதல் இல்லை. மேலே சொன்ன 60 ஃபிரேம் வரம்பும் குறைந்த வோல்டேஜும் இதைப் பெரும்பாலும் காதுக்கு எட்டாத அளவுக்கு இறக்கிவிடும். மெனுத் திரையில் மட்டும் வந்தால், அங்கே கேம் வரம்பில்லாமல் பல நூறு ஃபிரேம் வரைகிறதா என்று பாருங்கள்.