தத்துக்குக் காத்திருக்கும் வீடு: நாங்கள் செய்த தவறுகள்

மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் மறுநாளே கடைமடைக்கு வந்துவிடாது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தத்து விஷயத்தில் மட்டும் அது மறந்துபோகிறது. தத்து விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிந்த வாரமே கும்பகோணத்துக்குத் தொட்டில் பார்க்கப் போனவர்கள் நாங்கள். இரண்டு வயதுக்குள் குழந்தை கேட்டால் மூன்று வருடங்களுக்கு மேலும் காத்திருக்க நேரிடும்.

தொட்டிலாவது பரணில் கிடக்கும். "அடுத்த பொங்கலுக்கு மூன்று பேராக வருவோம்" என்று உறவுக்கெல்லாம் சொல்லிவைத்ததுதான் பெரிய தவறு. பொங்கல் வந்தது, குழந்தை வரவில்லை. அப்புறம் கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். நாள் சொல்லாதீர்கள், "பதிந்திருக்கிறோம்" என்றால் போதும்.

தாமதத்துக்குக் காரணமும் உண்டு. பெற்ற தாயே ஒப்படைத்திருந்தால், அவள் மனம் மாறுவதற்குச் சட்டம் 60 நாள் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றவர்களைத் தேட வேண்டும். அதற்குப் பிறகுதான் குழந்தை நலக் குழு தத்துக்கு அனுமதிக்கும். அந்த 60 நாளைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

பொறுமை போன நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வருவார். "ஆஸ்பத்திரியில் குழந்தை ரெடி, பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பேர்" என்பார். அந்தப் பக்கமே போகாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81-இன்படி குற்றம். ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

வீட்டு ஆய்வுக்கு மாமியாரைப் பரீட்சைக்குப் போல் தயார் செய்தது அடுத்த தவறு. வந்த சமூகப் பணியாளர், "குழந்தை ராத்திரி அழுதால் யார் தூக்குவீர்கள், பாட்டி?" என்று கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பி, "இதை நீ சொல்லித்தரலையேம்மா" என்றார். சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அன்றிரவுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. எனக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று திருக்கருகாவூர் அம்மன் கோயிலுக்கு எத்தனையோ முறை போய் நெய்ப் பிரசாதம் வாங்கி வந்தவர் அவர். தத்து என்ற பேச்சே அவருக்குத் தோற்றுப்போனது மாதிரி இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அழுது முடித்து முடிவுக்கு வந்திருந்தோம்; அவருக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கவே இல்லை. "யார் பெற்றதோ, என்ன சாதியோ" என்று பெரியவர்கள் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். குழந்தை வந்த பிறகு அதன் காதுபடக் கேட்பதைவிட இப்போதே கேட்டுத் தீர்த்துக்கொள்வது மேல்.

இதைத் தள்ளிப்போட்டதற்கு நாங்கள் விலை கொடுத்தோம். குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தால், முடிவு சொல்ல 48 மணி நேரம்தான். எங்களுக்கு வந்தபோது சம்பா நடவு. கொழுந்தனார் ஊரிலிருந்து வரட்டும் என்றார் மாமனார்; நட்சத்திரம் தெரியுமா என்றார் பெரியப்பா. நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தை வேறு நல்ல வீட்டுக்குப் போயிருக்கும் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எந்த வயது வரை சரி, என்ன உடல்நலக் குறை இருந்தால் ஏற்போம், யார் முடிவு சொல்வது, எந்தக் குழந்தை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுவது என்பதையெல்லாம் பதியும்போதே பேசிவிடுங்கள்.

கடைசியில் மகன் வந்தான், இரண்டரை வயதில். வந்த பத்தாம் நாளே சுவாமிமலையில் மொட்டை, காதுகுத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு! ஆசைதான், வேறென்ன. மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். அவனுக்கோ அந்த மாமன் யாரென்றே தெரியாது. ஊசியைக் காட்டும் முன்பே அலறிவிட்டான். ஒரு காதோடு நிறுத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தோம். இரண்டு வாரம் என்னிடம் வரவில்லை, அத்தை இடுப்பை விட்டு இறங்கவில்லை. ராத்திரி அழுதால் தூக்கியதும் அவர்தான். இன்னொரு காதை அடுத்த வருடம் குத்தினோம், நாலே பேர் போய்.