காலிக் கோட்டைக்குத் தனியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குப் பெயரே காலி. "காலிக்குப் போறேன்" என்று நான் சொன்னபோது, "எதைக் காலி பண்ண?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள். இலங்கையின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் சின்ன நிலத்துண்டு. மூன்று பக்கம் கடல், நாலு பக்கமும் மதில், மதிலுக்குள் ஓர் ஊர். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி வைத்ததை, 1640இல் பிடித்துக்கொண்ட டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும், கிளம்பிவிடலாம். ஆனால் தனியாகப் போகிறவர்கள் ஒரே மாதிரியான சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

குழப்பம் கொழும்பிலேயே ஆரம்பிக்கும். காலிக்கு ரயில் ஏறும் நிலையத்தின் பெயர் "கொழும்பு கோட்டை". வண்டியில் பக்கத்தில் இருப்பவரிடம் "கோட்டைக்குப் போகணும்" என்றால், அவர் மனதில் வருவது கொழும்பில் இருக்கும் அந்தக் கோட்டைதான். அங்கே கோட்டை என்று பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மதிலை ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் மிச்சம். "காலி" என்று ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும். நம்மூர் ஆட்கள் தேட வேண்டிய சொல் "புகையிரத நிலையம்".

ரயிலில் வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கொழும்பிலிருந்து தெற்கே போகும்போது கடல் அந்தப் பக்கம்தான். பாதை நெடுகத் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் சில இடங்களில் தென்னை மரம்கூட இருக்காது. ஹிக்கடுவையைச் சுற்றிய பகுதியில் பெரலிய என்ற இடம் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இதே பாதையில் போன ரயிலைக் கடல் அடித்துச் சாய்த்தது அங்கேதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தெரிந்துகொண்டு அந்த இடத்தைக் கடப்பது வேறு, தெரியாமல் செல்ஃபி எடுத்துக்கொண்டே கடப்பது வேறு.

சரி, இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன்.

காலையில் போய் மாலையில் திரும்புவது

முதல் முறை நான் அப்படித்தான் போனேன். கொழும்பில் காலை ரயில், பதினொன்றரைக்குக் காலி, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, பன்னிரண்டு மணிக்கு மதில்மேல். அங்கே மேலே நிழல் கிடையாது. கீழே சூடு ஏறிய கல், எதிரே கண்ணைக் கூசவைக்கும் கடல். இரண்டு கொத்தளம் தாண்டுவதற்குள் கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. இறங்கி ஒரு கடையின் விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்து மணிக்கு ரயிலைப் பிடித்தேன். ஊர் பார்த்தாகிவிட்டது என்று நினைப்பு. பார்த்தது வெயிலை.

இந்த ஊருக்கு நல்ல நேரம் இரண்டு: காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. பகல் பயணி இந்த இரண்டையும் தவறவிட்டு, நடுவில் இருக்கும் மோசமான நேரத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார். அந்த நேரத்தில்தான் சுற்றுலாப் பேருந்துகளும் வந்து நிற்கும். ஒரு ராத்திரி தங்குங்கள். கோட்டைக்குள் அறை வாடகை கூடுதலாகத் தெரிந்தால் வெளியே ஊரில் தங்கிவிட்டு நடந்து வாருங்கள். ஆனால் தங்குங்கள்.

காலையில் மதில்மேல் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், வெள்ளைச் சீருடையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், மீனவர் படகுகள். கிழக்குப் பக்கம் கலங்கரை விளக்கத்தில் ஆரம்பியுங்கள், வெயில் முதலில் அங்கேதான் விழும். மாலையில் எதிர்த்திசை: மேற்கு மதில்கள். டிரைட்டன், நெப்டியூன், கிளிப்பன்பர்க் என்று கொத்தளங்களுக்குப் பெயர். அங்கே புல்தரையில் உட்கார்ந்தால் சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்கும். ஒன்றைக் கவனியுங்கள்: பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அந்தி நீளாது. சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். மதிலின் கடல் பக்கத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, கீழே பாறை. கூட யாராவது இருந்தால் "பார்த்து" என்று ஒரு குரல் வரும், தனியாகப் போனால் அதுவும் இல்லை. இருட்டுவதற்கு முன் தெருவுக்கு இறங்கிவிடுங்கள். பெண்கள் தனியாகப் போனால் இன்னும் கறாராக இதைப் பின்பற்றலாம். கீழே தெருக்களில் விளக்கும் நடமாட்டமும் இருக்கும், மேலே இரண்டும் குறைந்துவிடும்.

மதிலை மட்டும் சுற்றிவிட்டு வருவது

மேலே ஒரு வட்டம் நிதானமாக அடித்தால் ஒன்றரை மணி நேரம். முடித்ததும் பலர் "அவ்வளவுதானா" என்பார்கள். அவ்வளவு இல்லை. உள்ளே இருப்பது குடும்பங்கள் வாழும் ஊர். துறைமுகமாக இருந்தவரை கிழக்கே போகும் கப்பல்கள் இங்கே நின்று போயின. ஆனால் துறைமுக வாயிலில் மூழ்கிய பாறைகள், தென்மேற்குப் பருவக்காற்றில் அடங்காத கடல். கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல்கள் அங்கே போய்விட்டன. உண்மையிலேயே காலியான பிறகுதான் இந்த ஊர் பிழைத்தது. இடித்துக் கட்டும் அளவுக்கு யாருக்கும் இங்கே அவசரம் இல்லை.

அதனால் தெருப் பெயர்கள்கூட மாறாமல் இருக்கின்றன. லெயின் பான் தெரு என்று ஒன்று. டச்சு மொழியில் கயிறு திரிக்கும் இடம் என்று பொருள். கப்பல்களுக்குக் கயிறு அங்கே திரித்தார்கள். காரை பெயர்ந்த பழைய சுவர் ஏதாவது கண்ணில் பட்டால் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லுக்கு நடுவில் வெள்ளையாக, தேன்கூடு மாதிரி துளைத்துளையாக ஒன்று தெரியும். பவளப்பாறைத் துண்டு. கடலிலிருந்து எடுத்த பவளத்தையும் கருங்கல்லையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் இந்த ஊரைக் கட்டினார்கள். 2004இல் வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சின்னாபின்னமானபோது, இந்த மதில் உள்ளே இருந்த வீடுகளைப் பெருமளவு காப்பாற்றியது.

நுழையும் வாசலிலும் ஏமாந்துவிடாதீர்கள். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கார்கள் போகும் வாசல் 1873இல் ஆங்கிலேயர் உடைத்து வைத்தது. பழைய வாசல் துறைமுகப் பக்கம் இருக்கிறது. வெளிப்பக்கம் ஆங்கிலேய அரச முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும், அங்கேதான் விஷயம்: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், இரண்டு சிங்கம், உச்சியில் ஒரு சேவல், கீழே 1669. திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து போகிறவர்களே அதிகம்.

கும்பிடும் இடங்களில் நிதானம் வேண்டும். 1755இல் கட்டிய டச்சுத் தேவாலயத்தில் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே வெள்ளை வெளேரென்று நிற்பதைத் தேவாலயம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஏறப் போவார்கள். அது மீரான் பள்ளிவாசல், 1904இல் எழுந்தது. கட்டடத்தின் சாயல்தான் அப்படி. தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுவிட்டுப் போங்கள். கேட்பதற்குத் தமிழே போதும். இங்கே பல தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுமொழி தமிழ். கொஞ்சம் வேறு ராகத்தில் இருக்கும். இங்கிலீஷில் திக்கித் திணறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு கடைக்காரர் "தமிழ்லயே கதைங்க" என்றபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

தனியாகப் போகிறவருக்கு செல்ஃபி தவிர வேறு வழி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்காதீர்கள். இலங்கையில் அதை அவமரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள், போலீஸ் வரை போகும். அப்புறம், மதில்மேல் குடைக்குள் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் காதலர்கள். அவர்களை "அழகான காட்சி" என்று படம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே மறைவு அந்தக் குடை. விட்டுவிடுங்கள்.

தனியாள் என்று தெரிந்தால்

குடும்பத்தோடு போகிறவரிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. தனியாள் என்றால் நாலு பேர் வருவார்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான், ஊர் கேட்பார்கள், கிரிக்கெட் பேசுவார்கள். ஆனால் ஒரு பேச்சு மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும்: "இன்னைக்குக் கோயில்ல பெரிய விசேஷம், இன்னைக்கு ஒரு நாள்தான், நான் கூட்டிட்டுப் போறேன்." ஆட்டோ நேராக ஒரு கல் கடையில் போய் நிற்கும். நீலக்கல், சந்திரகாந்தக்கல் என்று தட்டுத் தட்டாக வரும். கூட்டிவந்தவருக்குக் கமிஷன். என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, "உங்க ஊர்ல வித்தா மூணு மடங்கு" என்றார்கள். கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் என்னைக் காப்பாற்றியது. ரத்தினக்கல் பார்க்கத் தெரியாதவர் பயணத்தில் ரத்தினக்கல் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள், அல்லது பிக்மீ செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது மனக்கணக்கில் கவனம். இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் பெயரில் மட்டுமே ஒன்று.

கொடிப்பாறை முனையில் இளைஞர்கள் உயரத்திலிருந்து கடலுக்குள் குதித்துக் காட்டுவார்கள், காசு கேட்பார்கள். பார்க்கலாம், கொடுக்கலாம். நாமும் குதிக்கலாமே என்று மட்டும் தோன்றக் கூடாது. எந்தப் பாறைக்கு நடுவில் எவ்வளவு தண்ணீர் என்பது அவர்களுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. குளிக்க ஆசை என்றால் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சின்னக் கடற்கரை இருக்கிறது, உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்கும் இடம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கால் நனைப்பதோடு சரி. தனியாகக் குளிப்பவருக்கு இன்னொரு தொல்லை, கரையில் பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாஸ்போர்ட்டைத் தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் செய்யும் தவறு, மூன்று வேளையும் கோட்டைக்குள்ளேயே சாப்பிடுவது. அழகான கடைகள்தான், விலையும் அழகாக இருக்கும். மதியம் வாசலுக்கு வெளியே வந்து பேருந்து நிலையம் பக்கம் நடந்தால் சோறும் நாலைந்து கறியும் கிடைக்கும். பரிமாறுபவர் தேங்காய்ப்பூச் சம்பலைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, காரம் தாங்குவீர்களா என்று ஒரு பார்வை பார்ப்பார். மதியச் சோறு மதியத்தோடு சரி; மூன்று மணிக்குப் போய்க் கேட்டால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். இரவுக்குக் கொத்து ரொட்டி. தனியாளுக்கு ஒரு முழுக் கொத்து தாங்காது, பாதி கிடைக்குமா என்று கேளுங்கள்.

நாள்காட்டி பார்க்காமல் கிளம்புவது

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, அலுவலகங்கள் மூடியிருக்கும். வார இறுதியோடு சேர்ந்து வந்தால் கொழும்பே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும், ரயிலில் நிற்க இடம் கிடைக்காது. நாள்காட்டியில் ஒரு நிமிடம் பார்த்தால் தீர்ந்தது.

கிரிக்கெட் டெஸ்ட் நடக்கும் நாட்களிலும் அறை கிடைப்பது சிரமம். ஆனால் அந்தச் சிரமத்தைப் படலாம் என்பேன். மைதானம் மதிலுக்கு நேர் கீழே. டிக்கெட் இல்லாமல் கோட்டை மேல் நின்று டெஸ்ட் பார்க்கும் கூட்டத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. 2010 ஜூலை 22 அன்று முரளிதரன், தன் கடைசி டெஸ்டில், இந்தியாவின் ஓஜாவை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான்.

தமிழர்கள் மட்டும் செய்யும் தவறு ஒன்று பாக்கி: காலிக்கு வந்து "அந்த மும்மொழிக் கல்வெட்டு எங்கே?" என்று தேடுவது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுக் கணக்கில், சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளை வரிசையாகப் பட்டியல் போட்டது. 1911இல் இந்த ஊரில் வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். நானும் வெயிலில் இரண்டு தெரு விசாரித்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன், கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். மாலையில் மூடிவிடுவார்கள். திரும்பும் நாளில் மதில்மேல் காலை நடையை முடித்துக்கொண்டு, வெயில் ஏறும்போது ரயில் ஏறினால் சரியாக இருக்கும். அப்போது கடல் இடதுபக்கம்.